யோகராஜா வீடு வந்த வழி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: இறந்துபோன என் தம்பி யோகராஜாவின் மனைவி யோகமலர், அவர்களுடைய ஒரே மகள் கோசிகா, அவளுடைய கணவன் பிரியந்தன், எங்கள் சித்தப்பாவின் மகன் தேவராசா, பக்கத்து வீட்டுப் பெர்னடெற், யோகராஜாவின் அக்கா ஜெயகௌரியாகிய நான். பிறகு பிரேதக் காரோடு வந்த நான்கு வெள்ளைக்காரர். இவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே இல்லை. ஐயர் ரயில் ஓடாமல் வெம்பிளியிலேயே நின்றுவிட்டார். மற்றச் சனம் எல்லாம் நேரே தகனசாலைக்குப் போய்விட்டது. தானும் அங்கே நின்றதாக யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

லண்டன் ஸ்ட்ரெதத்தில் என் தம்பியின் வீடு ஒரு சரிவின் உச்சியில் இருக்கிறது. பெரிய வீதியிலிருந்து மேலே ஏறும் பாதை தனியார் பாதை. கவுன்சில் அதற்குப் பனி உருக்கும் உப்புப் போடாது. முதல் நாள் விழுந்த பனி கெண்டைக்கால் வரை கிடந்தது. காலையில் பிரேதக் கார்காரர் கோசிகாவை அழைத்து, பெரிய வீதி வரைதான் வரமுடியும் என்றும், பெட்டியை நேரே தகனசாலைக்குக் கொண்டுபோவதே நல்லது என்றும் சொன்னார்கள். கோசிகாவின் அம்மா வீட்டிலிருந்தே கமராவில் பார்க்கலாம் என்றார்களாம். அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்களில் எனக்குக் குறையில்லை.

ஆனால் யோகமலர் பாரிசவாதத்தில் விழுந்து, முன்னறையில் போட்ட கட்டிலை விட்டு எழும்பாதவள். யோகராஜா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோதும் அவளால் போக முடியவில்லை. பெட்டி வீட்டுக்கு வராவிட்டால் அவள் தன் புருசனின் முகத்தை இனி ஒருநாளும் பார்க்கமாட்டாள். தகனசாலை தந்த நேரம் மதியம். அதைத் தவறவிட்டால் அடுத்த இடம் புதுவருடத்துக்குப் பிறகுதான்.

தேவராசா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, ஒத்துக்கொள்ளச் சொன்னான்.

"காலம் அப்பிடி அக்கா. கோலியர்ஸ் வுட் பக்கம் கனபேர் இப்ப நேராத்தான் கொண்டுபோகினம்."

"கனபேர் போகட்டும். எங்கட வீட்டு ஆள் றோட்டால திரும்பிப் போகான்."

யோகராஜாவின் கராஜில் ஒரு சிறிய உழவு மெசின் நின்றது. தோட்டத்துப் புல்லு வெட்டுகிற, ஏறியிருந்து ஓட்டுகிற சாதி. தமிழ்ப் பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கு மைதானம் வெட்டிக் கொடுக்கவென்று பழையதாக வாங்கியது. அதோடு சேர்த்து விற்றவன் கொடுத்த பனி தள்ளும் தகடு ஒன்று சுவரில் தொங்கியது. லண்டனில் இதற்கு என்ன வேலை என்று சொந்தக்காரர் பலர் சிரித்திருக்கிறார்கள். பிரியந்தன் மட்டும் சிரித்ததில்லை. அவன் நோர்வேயில் வளர்ந்து, அங்கிருந்து இங்கே வந்தவன்.

"இதைப் பூட்ட ஏலுமோ?" என்று கேட்டேன்.

"ஏலும் மாமி. பூட்டினாலும் ஏறாது. சங்கிலி வேணும். பின்னுக்குப் பாரம் வேணும். இல்லாட்டி சில்லு நிண்ட இடத்திலயே சுத்தும்."

அடியில் இருந்த புல்வெட்டும் பகுதியை அவன் முதலில் கழற்றி எடுத்தான். பெல்ட்டைத் தளர்த்தி, ஊசிகளை இழுத்து, பக்கவாட்டில் சரித்து வெளியே தள்ளினான். முன்னால் தகட்டைப் பூட்டி, பனி ஒரு பக்கமாக ஒதுங்கும்படி சற்றுச் சரித்து வைத்தான். தகடு கல்லில் கொளுவாமல் இருக்க அதன் கீழே இரண்டு சின்னக் கால்களைப் பொருத்தினான். பனி ஒட்டாமல் வழுக்க வேண்டும் என்றான். விளக்குக்கு வைத்த நல்லெண்ணெயைக் கொடுத்தேன். பின்வளவு ஊஞ்சலின் சங்கிலிகளைக் கழற்றி, பின் சில்லுகளில் இறுக்கிச் சுற்றினான்.

பாரத்துக்கு, எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்கென்று வாங்கி அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைக் காட்டினேன். தேவராசா பாய்ந்து வந்து குறுக்கே நின்றான். செத்தவீட்டில் மெசின் உறுமுவதே வெட்கக்கேடு, அதற்குமேல் படைக்கிற அரிசியை மெசினில் ஏற்றுவதோ என்று கேட்டான்.

"அவனுக்கெண்டு வாங்கின அரிசி. அவனுக்கே வேலை செய்யட்டும். தூக்கு" என்றேன்.

மூட்டைகளைப் பின்னால் வைத்துக் கட்டினோம். பிரியந்தன் ஏறப் போனான். நான் தடுத்தேன். யோகராஜாவுக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்கவேண்டியவன் மருமகன். கையெல்லாம் எண்ணெயும் கறுப்புமாக நின்றான்.

"நீ போய்த் தோய்ஞ்சு வேட்டியைக் கட்டு. இதை நான் ஓட்டுறன்."

ஓய்வு பெறும்வரை இந்த நகரத்தில் சிவப்பு பஸ் ஓட்டியவள் நான். பிரிக்ஸ்டன் மேட்டில் மழையிலும் உறைபனியிலும் இரண்டு தட்டுச் சனத்தை ஏற்றி இறக்கியிருக்கிறேன். புல்லு வெட்டும் மெசினுக்குப் பயப்பட எனக்குக் காரணம் இல்லை. வெள்ளைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியின் கம்பளிக் கோட்டைப் போட்டு ஏறினேன்.

வீட்டு வாசலிலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போனேன். பனி சுருண்டு சுருண்டு வேலிப் பக்கம் ஒதுங்கியது. கீழே போய்த் திரும்பி, மற்றப் பக்கத்தை ஒதுக்கியபடி மேலே வந்தேன். சங்கிலி பிடித்தது. பாதிப் பாதை வந்தபோது மெசின் திடீரென்று ஒரு பக்கமாக வழுக்கிப் பின்னால் போகத் தொடங்கியது. தகட்டை நிலத்தோடு அழுத்தித்தான் அதை நிறுத்தினேன்.

இறங்கிப் பார்த்தேன். பாதை மஞ்சளாக மினுங்கியது. நான் கீழே போன நேரம், தேவராசா இரண்டு வாளி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து, நான் துப்புரவாக்கிய இடமெல்லாம் ஊற்றியிருந்தான். வாளியும் கையுமாக நின்றான். எல்லாம் கண்ணாடிபோல உறைந்து கிடந்தது.

"பிரேதம் வாற வழி அக்கா. சப்பாத்தும் மெசினும் போன நிலம். தெளிக்காம விடுறதோ?"

"தெளிக்கிறது கையால. நீ கழுவியிருக்கிறாய்."

கீழே பிரேதக் கார் வந்து நின்றுவிட்டது. அதில் இருந்த பெரியவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தரமுடியும் என்று சைகையால் சொன்னார்.

பிரியந்தன் ஈர வேட்டியோடும் றப்பர் பூட்ஸோடும் வாசலில் வந்து நின்றான். கொள்ளி வைக்கக் குளித்துவிட்டதால் மெசினைத் தொடவில்லை. வாயால் மட்டும் சொன்னான். தகட்டின் கால்களைக் கழற்றவேண்டும், சரிவை நேராக்கவேண்டும், அப்போதுதான் விளிம்பு ஐசைச் சுரண்டும். பெர்னடெற் தன் வீட்டிலிருந்து ஒரு வாளி கல்லுப்போடு வந்து, அதை விசிறிவிட்டு, முழங்காலில் இருந்து அவன் சொன்ன ஊசிகளை ஒவ்வொன்றாக இழுத்தார். மீன் கருவாடு போட வைத்திருந்த உப்பு.

"பாரம் காணாது மாமி" என்றான் பிரியந்தன்.

நான் தேவராசாவைப் பார்த்தேன்.

"ஏறு."

"நானோ?"

"உன்ர பாரம் இண்டைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்கு உதவப்போகுது. ஏறி மூட்டையில இரு."

ஏறினான். எங்கள் பகுதியில் கோயில் திருவிழாவுக்கு முன்வரிசையில் நிற்கிறவன், அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் இருந்தான். அவனுக்கு அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அண்ணனுக்காக இருந்தான். யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவேண்டாம்.

மஞ்சள் ஐஸ் தகடு தகடாகப் பெயர்ந்தது. மேலிருந்து கீழே ஒருதரம் சுரண்டி, கார்காரரை எனக்குப் பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினேன். நான் முன்னால், பிரேதக் கார் பின்னால், நடைவேகத்தில் ஏறினோம். பெரிய வீதியில் போன சனம் நின்று பார்த்தது. சிலர் போனில் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும்.

பெட்டியை யோகமலரின் கட்டிலருகே வைத்து மூடியைத் திறந்தார்கள். தேவராசா தேவாரம் படித்தான். ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. கோசிகா தாயின் நல்ல கையில் அரிசியை வைத்து, அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தாள். நான் பெட்டியின் தலைமாட்டை உயர்த்தச் சொன்னேன். யோகமலர் அவனை நெடுநேரம் பார்த்தாள். மாதக்கணக்காக முழுச்சொல் பேசாதவள்.

"வந்திட்டியள்" என்றாள்.

வாய்க்கரிசியைத் தானே போட்டாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கொண்டுபோகலாம் என்று தலையசைத்தாள். தகனசாலைக்கு நாங்கள் நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

இப்போது ஸ்ட்ரெதத்திலிருந்து வெம்பிளி வரை ஒரு கதை நடக்கிறது. யோகராஜாவின் பெட்டியை உழவு மெசினில் கட்டி, சாமான் இழுப்பதுபோல் இழுத்து வந்தோமாம். அது பொய். உழவு மெசின் வழியைத்தான் திறந்தது. என் தம்பி பிரேதக் காரில் வந்தான். பிரியந்தனும் தேவராசாவும் காரோடு வந்த நால்வரும் தோள் கொடுத்து அவனை வாசலுக்குள் கொண்டுபோனார்கள்.