முழங்கால் வரைக்கும் ஒரு சாக்ஸ்

…விரலு வெளிய வந்துருச்சு, பாதம் உள்ள போயிருச்சு, குதிகால்தான் மாட்டேங்குது, இழுக்க இழுக்க அங்கனயே நிக்குது, ரப்பரும் இல்ல துணியும் இல்ல, உரிச்ச மீன்தோலைத் திரும்ப மீனுக்கே மாட்டி விடுற மாதிரி இருக்கு, இன்னைக்குன்னு பாத்து இப்படிப் பண்ணுதே, வெயில் ஏறுறதுக்குள்ள பிச்சையம்மா வந்து வாசல்ல நிப்பா, லீமாரோஸு கிளம்பலையான்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துவா, நான் என்னடான்னா இன்னும் கட்டிலை விட்டு இறங்கல, இறங்கவும் கூடாதாம், காலைத் தொங்கப் போட்டா ரத்தம் கீழ இறங்கி வீக்கம் ஏறிரும், அதுக்கு முன்னாடியே மாட்டிரணும் அக்கான்னு அந்த மருந்துக்கடைப் பொண்ணு லத்தீபா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா. “தள்ளு பிள்ள, நான் மாட்டி விடுறேன்”னு எங்க வீட்டுக்காரரு யேசுதாஸ் வந்து உக்காந்தாரு, கடல்ல இருந்து வந்து இன்னும் குளிக்கக்கூட இல்ல, உங்க கை பட்டா நூலு பிரிஞ்சிரும், விடுங்கன்னேன், கேக்கல, என் காலைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டாரு… மூணு பிள்ளை பெத்துட்டேன், இந்த மனுசன் ஒரு நாளாவது என் காலைக் கையில எடுத்திருக்காரா, எனக்குக் கூச்சமும் சிரிப்பும் ஒண்ணா வருது, அவருக்கோ வேர்த்துக் கொட்டுது. “வள்ளத்து வலை முழுசையும் ஒத்தையா இழுத்துப் போட்டுருவேன், இது ஒரு விரக்கடை ஏற மாட்டேங்குதே, மாதாவே!” அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, சும்மா இழுக்கக் கூடாது, கையை உள்ள விட்டுக் குதிகாலைப் பிடிச்சு, உள்பக்கம் வெளிய வாரது மாதிரி புரட்டி, பாதத்தை மட்டும் நுழைச்சு, அப்புறமா மேல உருட்டிக்கிட்டே வரணும், கம்பெனியில இறால் உரிக்கப் போடுற ரப்பர் உறையைக் கையில மாட்டிக்கிட்டா வழுக்காது… உறையை எடுத்துக் குடுத்தேன், புரட்டுனாரு, நுழைச்சாரு, ஏறுது, ஐயோ ஏறுது, கெண்டைக்கால்ல ஏறி முழங்காலுக்குக் கீழ வந்து கச்சிதமா உக்காந்துருச்சு, ஒரு சுருக்கம் இல்ல. ரெண்டு பேரும் அந்தக் காலையே பாத்துக்கிட்டு இருந்தோம்.

இந்தக் காலை நான் யாருக்குக் காட்டியிருக்கேன்? சேலையைக் கரண்டைக்குக் கீழ இழுத்து இழுத்து விட்டே பாதி வயசு போச்சு. மண்டபம் ஊருல இறால் கம்பெனியில சேந்தப்ப சின்னப் பொண்ணு, சிமெண்டுத் தரை, ஐஸ்தண்ணி, காலையில நின்னா சாயந்தரம் வரைக்கும் நிக்கணும், முதல்ல கெண்டைக்கால்ல பச்சை நூலு மாதிரி ஒரு நரம்பு ஓடுச்சு, மூணாவது பிள்ளைக்குப் பிறகு அது முடிச்சு முடிச்சாத் திரண்டு, மண்புழு சுருண்டு கெடக்குற மாதிரி… சாயந்தரமானா இந்தக் காலு என்னோடதே இல்ல, ஊறின உலக்கை, அரிப்பு வேற, சொறிஞ்ச இடம் கறுத்துப் போய், போன வருசம் கரண்டைக்கு மேல புண்ணு வந்து ஆறுறதுக்குள்ள பட்ட பாடு. டாக்டரம்மா பாதத்துல நாடி பாத்து, படம் எடுத்துப் பாத்து, ரத்தக்குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு, அது பழுதாயிருச்சு, மேல போற ரத்தம் கீழயே இறங்குது, ஆபரேசன் பின்னாடி யோசிக்கலாம், முதல்ல இந்தச் சாக்ஸைப் போட்டு நடங்க, நடக்குறது நல்லது, ஒரே இடத்துல நிக்கிறதுதான் ஆகாதுன்னாங்க. நான் சும்மா இருக்காம, டாக்டரம்மா, நான் எலெக்சன்ல நிக்கிறேனேன்னுட்டேன். அவங்க எழுதுறதை நிப்பாட்டிட்டுச் சிரிச்சாங்க பாருங்க… “அப்ப நடந்துக்கிட்டே நில்லுங்க”ன்னாங்க.

அன்னைக்கே ராம்நாடு மருந்துக்கடைக்குப் போனா, கடைக்காரரு ஜெய்னுலாபுதீன் பாய், இப்ப சாயந்தரமாயிருச்சும்மா, இப்ப அளந்தா வீக்கத்தைத்தான் அளக்கணும், காலையில வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம், பாம்பன்ல இருந்து மறுபடியும் வரணுமாக்கும்னு. ஆனா மறுநாள் விடிஞ்சும் விடியாம முதல் பஸ்ஸு, பாலத்து மேல போறப்ப ஜன்னல்ல காத்து அப்புது, எனக்கு என்னமோ கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போற மாதிரி இருந்துச்சு. லத்தீபா பின்னால திரையைப் போட்டு முக்காலியில உக்கார வச்சா, டேப்பை வச்சுக் கரண்டை, கெண்டைக்கால், முழங்காலுக்குக் கீழ, குதிகால்ல இருந்து உயரம், ஜாக்கெட்டுக்கு அளக்குற மாதிரி, நான் கண்ணை மூடிக்கிட்டேன், மூஞ்சியைச் சுளிப்பாளோன்னு. சுளிக்கல. எங்கம்மாவுக்கும் இப்படித்தான்க்கான்னு சொல்லிட்டு டப்பா டப்பாவா எடுத்துப் பரப்பிட்டா, தொடை வரைக்கும் வாரது ஒண்ணு, முழங்கால் வரைக்கும் ஒண்ணு, விரல் மூடினது, விரல் திறந்தது, இறுக்கம் கம்மி, இறுக்கம் கூட… மூடினதுன்னா நம்ம ஊரு மணலு உள்ள போயி உறுத்தும், திறந்ததே எடுங்க, டாக்டர் எழுதினது இந்த இறுக்கம், அதைக் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது, ராத்திரி கழட்டிரணும், விரல் மரத்தாலோ நீலம் பூத்தாலோ உடனே கழட்டணும். அப்புறம் கலரு. கறுப்பும் இருந்துச்சு, தோல் கலரும் இருந்துச்சு, இந்த விசயத்துல மட்டும் யாரும் எனக்கு எழுதிக் குடுக்கல, நானேதான் முடிவு பண்ணணும், எவ்வளவு நேரம் யோசிச்சேன், என் கலருக்கு அந்தத் தோல் கலரு கொஞ்சம் வெளுப்பு, வெள்ளைக்காரி கால் மாதிரி இருக்குமேன்னா லத்தீபா விழுந்து விழுந்து சிரிக்கிறா. இருந்தா இருக்கட்டுமே!

இறங்கி நின்னேன்… என்ன இது, யாரோ ரெண்டு கையாலயும் காலைச் சுத்திப் பிடிச்சுக்கிட்ட மாதிரி, வலிக்காம, விடாம, கீழ இறுக்கமா, மேல போகப் போகக் கொஞ்சம் தளர்வா, இது எனக்குத் தெரிஞ்ச பிடிதானே, எங்க பாத்தேன் இதை, எங்க… கடலு! கம்பெனிக்குப் போறதுக்கு முந்தி எங்கம்மா கூடக் கடல்பாசி எடுக்கப் போவேனே, கழுத்துத் தண்ணியில நிப்போமே, எம்புட்டு நேரம் நின்னாலும் காலு வலிச்சதே இல்லயே, கரையேறுனா இல்ல வலிக்கும், தண்ணி நாலாபக்கமும் அமுக்கிப் பிடிக்கும், அந்தப் பிடி, அதே பிடி, இப்ப வீட்டுக்குள்ள, தரையில, சேலைக்குள்ள! ஏங்க, கடல்ல நிக்கிற மாதிரி இருக்குங்கன்னேன். அந்த மனுசன் நான் தினம் அங்கனதானே நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் தெரியலையேங்கிறாரு. அவருக்கு எப்படித் தெரியும், அவரு நிக்கிறது வள்ளத்துல, நாங்க நின்னது தண்ணிக்குள்ள.

பிச்சையம்மா வந்துட்டா, கையில நோட்டீஸ் கட்டு, பூட்டுசாவிச் சின்னம், கம்பெனியில என் பக்கத்து மேசைக்காரி, இவதான் என்னைய இதுல இழுத்து விட்டவ, மூணு நாளைக்கு ஒருதரம் தண்ணி விடுறான், அதுவும் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு விடுறான், கேக்குறதுக்கு ஒருத்தி வேணும், இந்தத் தடவை வார்டு பொம்பளைக்கு, நீதான் நிக்கிறன்னுட்டா. எதுத்து நிக்கிறது புஷ்பமேரி, ரெண்டு விசைப்படகு வச்சிருக்கிற சவேரியாரோட சம்சாரம், நோட்டீஸ்ல அவ படம் தபால்தலை அளவுக்கு, சவேரியாரு படம் கும்பிட்டுக்கிட்டுப் பெருசா, ஓட்டுக் கேக்கவும் அவருதான் வாராரு, அவ வெளியவே வரல. முந்தாநாள் நான் ரெண்டு தெரு நடந்ததும் காலு வெடிக்கிற மாதிரி ஆகி, கோயில் படியில உக்காந்துட்டேன், அவரு ஆளுக பாத்துட்டாங்க, படியிலயே நிக்க முடியாதவ எலெக்சன்ல நிக்கிறாளாம்னு மைக்குலயே சொல்லிட்டாங்க, அன்னைக்கு அழுதேன், ஆனா இன்னைக்கு… வாடி பிச்சை, இன்னைக்குக் கடைசித் தெரு வரைக்கும் போறோம். நடக்குறேன், மணல்ல நடக்குறேன், ரெண்டு தெரு முடிஞ்சிருச்சு, காலு கூடவே வருது, வேர்க்கத்தான் செய்யுது, முழங்காலுக்குக் கீழ லேசா அரிக்குது, அரிச்சா அரிச்சுட்டுப் போகுது, பிச்சையம்மா மெதுவாப் போன்னு பின்னால இருந்து கத்துறா, என்னைய, என்னையப் பாத்து மெதுவாப் போங்கிறா! மூணாவது தெருவுல வாசல்ல கருவாடு காயப் போட்டுக்கிட்டு இருந்த அக்கா, காத்துல என் சேலை விலகுனதும், என்னடி அது, கால்ல என்னத்தச் சுத்தியிருக்கன்னு கேட்டா. இழுத்து மூடப் போனேன். கை போச்சு, பாதியில நின்னுருச்சு. பளிச்சுன்னு முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டிட்டேன், பாருங்கக்கா, நரம்பு சுருட்டிக்கிச்சு, அதுக்கு இது, டாக்டரம்மா எழுதிக் குடுத்ததுன்னு. எனக்கே எங்கிருந்து வந்துச்சு அந்தத் தைரியம்? அந்த அக்கா ரெண்டு பக்கமும் பாத்துட்டுத் தன் சேலையைத் தூக்குனா… அவளுக்கும். பக்கத்து வீட்டுக்காரி வந்தா, அவளுக்கும். கம்பெனியில ஐஸ் அள்ளுறவ, கருவாட்டுக் கூடை சுமக்குறவ, ஒவ்வொருத்தியாச் சேலையைத் தூக்கிக் கரண்டையைக் காட்டுறா, இங்கன பாரு, என்னோடதைப் பாரு, இம்புட்டு வருசமா ஒரே தெருவுல இருக்கோம், எவ காலையும் எவளும் பாத்ததில்ல, எங்க விக்கிது, எப்படிப் போடணும், வலிக்குமா, வேர்க்குமா, நான் மடமடன்னு பேசுறேன், காலையில அளக்கணும், டாக்டரைக் கேக்காம வாங்கக் கூடாது, ராத்திரி காலைத் தலகாணி மேல தூக்கி வச்சுப் படுங்க… தெரு முடியுறப்பத்தான் பிச்சையம்மா இடிச்சா, ஏண்டி, ஒரு வீட்டுலயாவது ஓட்டுக் கேட்டியான்னு.

அந்தத் தெருவுல கடைசி வீடு சவேரியாரு வீடு. போக வேணாம்னா பிச்சையம்மா, அங்க ஓட்டா போடப் போறாக? எல்லா வீடும் போறேன்னு சொல்லியாச்சு, போய்த்தான் ஆகணும்னு நான் மட்டும் படியேறுனேன். கதவு பாதி திறந்துச்சு, புஷ்பமேரிதான். “உள்ள வா லீமா. கதவைச் சாத்து.” மதினி, நான் ஓட்டுக் கேட்டுத்தான்னு இழுத்தேன், தெரியும், உக்காருன்னா, அவளும் உக்காந்தா, நெருப்பு மேல வைக்கிற மாதிரி மெதுவாக் காலை ஸ்டூல்ல வச்சா, சேலையை விலக்குனா… மாதாவே, கரண்டைக்கு மேல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு, சுத்திக் கறுத்து, பழைய துணியை வச்சுக் கட்டியிருக்கா. அதான் வெளிய வரல, நாங்க எல்லாம் திமிருன்னு நினைச்சோம்.

“எம்புட்டு நாளா மதினி?”

“ஈஸ்டருக்கு முந்தி வந்துச்சு. ஆறும் ஆறும்னு பாத்தேன்.”

“மச்சானுக்குத் தெரியுமா?”

“வெந்நி பட்டுருச்சுன்னு சொல்லியிருக்கேன். எலெக்சன் முடியட்டும்னு சொல்லுவாரு, அவருகிட்ட எதைச் சொன்னாலும் ஏதாவது ஒண்ணு முடியணும்.” சேலையை இழுத்துப் புண்ணை மூடுனா. “நீ தெருவுல காட்டுனதை ஜன்னல் வழியாப் பாத்தேன். அதே சாக்ஸ் எனக்கும் ஒண்ணு வாங்கித் தா லீமா, உன் அளவுதான் எனக்கும்.”

“என் அளவு உங்களுக்கு ஆகாது. புண்ணு மேல இதை நம்மளா மாட்டவும் கூடாது மதினி, முதல்ல டாக்டரம்மா பாக்கணும், புண்ணுக்குக் கட்டுப் போடணும், அப்புறம் அவங்க சொல்லுவாங்க. நாளைக்கே போங்க.”

“ராம்நாட்டுக்கா? எனக்கு யாரு கூட வருவா?”

“நான் வாரேன்.”

என் வாய்தான் சொல்லுச்சு. நாளைக்குப் பிரச்சாரம் முடியுற நாளு, இன்னும் மேற்குத் தெரு முழுசா பாக்கி கெடக்கு, முதல் பஸ்ஸுல நானும் புஷ்பமேரியும் ஒரே சீட்டுல உக்காந்து போனா ஊரு சும்மா இருக்குமா, விலை போயிட்டாம்பாங்க, புண்ணு விசயத்தை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வேற என் கையைப் பிடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா. வெளிய வந்தேன், வெயிலு கண்ணைக் கூசுது, பிச்சையம்மா இடுப்புல கையை வச்சு நிக்கிறா, உள்ள என்னடி இம்புட்டு நேரம் பேச்சு, விட்டுக் குடுக்கச் சொல்றாளான்னு கேக்குறா, இல்லடி, இல்லவே இல்ல, விட்டுக் குடுக்குறதா, நானா… இப்பத்தான் எனக்கு ஜெயிக்கணும்னு பரபரங்குது, முன்னைய விட இப்பத்தான், அந்தச் சவேரியாரு படத்தைப் பாக்கப் பாக்க ஜெயிக்கணும் போல இருக்கு, புஷ்பமேரியைத் தோக்கடிக்கணும், விடிஞ்சதும் அவளைக் கையைப் பிடிச்சுப் பஸ்ஸுல ஏத்தணும், அவ புண்ணு ஆறி அவளும் இந்தத் தெருவுல நடக்கணும்… இது ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல ஒருத்திக்கு வரும், எதுலயாவது ஒண்ணுல பொய்யா இருக்கேனா, யோசிச்சுப் பாக்குறேன், ரெண்டுலயும் இல்ல, புண்ணைச் சொல்லாம இதைப் பிச்சையம்மாகிட்ட எந்தப் பக்கத்துல இருந்து சொல்ல ஆரம்பிக்கிறது?