எதிர் நாற்காலி

அந்தச் சட்ட ஆய்வு நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆய்வறிக்கையாக இருந்தாலும் வெளியே போவதற்கு முன்னால் ஒரு பிற்பகல் முழுக்க உதை வாங்கியாக வேண்டும். கூட்ட அறையில் நீள மேஜையின் இந்த முனையில் எழுதியவர் உட்காருவார். அந்த முனையில் கிடக்கும் நாற்காலிக்கு எதிர் நாற்காலி என்று பெயர். அதில் உட்காருகிறவருக்கு அறிக்கை உயிருக்கு உயிராகப் பிடித்திருந்தாலும் சரி, அதைக் கிழித்துத் தொங்கவிடுவதுதான் அன்றைய வேலை. நாளைக்கு எவனோ ஓர் எதிர்த்தரப்பு வக்கீல் ஊரறிய நம் மானத்தை வாங்குவதைவிட, இன்றைக்கே நம் ஆள் வாங்கிவிட்டால் விஷயம் வீட்டோடு போகும் அல்லவா?

பதினைந்து வருடம், அங்கே ஆய்வாளராக இருந்த அவளுக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தது ஒரே ஆள்தான். சட்டக் கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனுக்கு நிறுவனம் வைத்த பெயர் முட்டுக்கட்டை. முதல் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிடுவான். "இந்த வரிக்கு ஆதாரம் எங்க?" என்று அவன் ஆரம்பித்தால் அன்றைக்கு யாரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியாது. ஒருமுறை அவள் ஆத்திரம் தாங்காமல் கையிலிருந்த தாள்களை அவன் பக்கம் விசிறியடித்தாள். அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக் கொடுத்து, "கோபம் ஆதாரம் ஆகாதும்மா, அடுத்த பக்கம்" என்றான்.

பிறகு பழைய இயக்குநர் ஓய்வு பெற்றார். ஆட்சிக்குழு இவர்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நேர்காணலுக்குள் போனவன் போன வேகத்தில் வெளியே வந்தான். "அவளே சரியான ஆள்னு சொல்லிட்டேன்" என்றான். அடுத்த மாதம் ராஜினாமாக் கடிதம். ஏன் என்று கேட்டதற்கு, "உன்கிட்டச் சம்பளம் வாங்கிட்டு உன்னையே எப்படித் திட்டுறது? திட்டினா விசுவாசம் இல்லைம்பாங்க, திட்டலைன்னா ஜால்ராம்பாங்க" என்று சிரித்துவிட்டு, தொலைதூர நகரம் ஒன்றில் மாலை நேரச் சட்டக் கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போய்விட்டான். அதோடு சரி. நான்கு வருடத்தில் ஒரு போன் கிடையாது.

அவள் இயக்குநர் ஆனாள். பெரிய அறை, பெரிய மேஜை, கதவுக்கு வெளியே செயலாளர். எல்லோரும் மேடம் என்றார்கள். மேடம் சொன்னது எல்லாமே சரி என்றும் சொன்னார்கள். ஒரு மனுஷி எவ்வளவு நேரம்தான் சரியாகவே இருக்க முடியும்? எதிர் நாற்காலியில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரை உட்கார வைத்துப் பார்த்தாள். வாடகைதாரர்களை வீட்டைவிட்டு வெளியேற்றுவது பற்றிய அவளுடைய புது அறிக்கைக்குப் புள்ளிவிவரக்காரரை உட்கார வைத்தாள். தாடி வைத்த, நல்ல படிப்பாளி. அவர் ரொம்ப நேரம் பக்கங்களைப் புரட்டி, மென்று விழுங்கி, "பக்க எண் மட்டும் கொஞ்சம் பெரிசா இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றார். அவளுக்கு அந்த மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னாள். அக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். தங்கையும் அவளுமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஊசி போடுகிற கை என்பதால் பேச்சும் சுருக்கென்றுதான் இருக்கும்.

"அவனை நினைச்சு ஏங்குறேன்னு நேராச் சொல்லித் தொலையேன்."

"அந்த மாதிரி இல்லக்கா."

"எந்த மாதிரியோ. ஏக்கம் ஏக்கம்தானே?"

காதல் என்றால்கூட அவளுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அதற்கு உலகத்தில் வழிமுறைகள் இருக்கின்றன. இது வேறு. அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் இவ்வளவு மெனக்கெட்டுப் படித்துச் சண்டை போட இந்த உலகத்தில் ஒருவன் இருந்தான். இப்போது இல்லை. சாயங்காலங்களில் கூட்ட அறையைக் கடந்து போகும்போது அவன் குரல் கேட்காதா என்று காது தன்னால் திரும்பும். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இந்த அறிக்கை சாதாரணமானதும் அல்ல. அடுத்த வாரம் சட்டமன்றக் குழுவின் முன் வைக்க வேண்டும். அவளுடைய பதவிக்காலம் முடிய இன்னும் ஒரு மாதம்தான். "அறிக்கை நல்லபடியா போய்ச் சேரட்டும், நீட்டிப்பு தானா வரும்" என்று ஆட்சிக்குழுத் தலைவர் வாய்விட்டே சொல்லியிருந்தார். உதை வாங்காத அறிக்கையை நம்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வெளியாள் ஒருவரை எதிர் நாற்காலிக்கு அழைக்க விதியில் இடம் இருந்தது. நாலைந்து முறை அவன் எண்ணைத் தட்டி, பாதியில் நிறுத்தி, கடைசியில் அழைத்தே விட்டாள்.

"வர்றேன்" என்றான் அவன். வேறு ஒன்றும் பேசவில்லை.

அவன் வருகிற நாளன்று அவள் கண்ணாடி முன்னால் நின்ற நேரத்தைப் பார்த்து அக்கா, "பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருக்கே. ஃபெயில் ஆகணும்னு ஆசைப்பட்டுப் போறவளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

கூட்ட அறை நிரம்பியிருந்தது. முட்டுக்கட்டையைப் பற்றிக் கதை கதையாகக் கேட்ட புது ஆட்கள் வேடிக்கை பார்க்க முன்னாலேயே வந்து இடம் பிடித்திருந்தார்கள். அவன் இளைத்திருந்தான். காதோரம் முழுக்க நரை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வா, ஆரம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மேடம் ரொம்ப உழைச்சிருக்காங்க" என்றான் அவன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்தத் துறையில இவ்வளவு தீர்ப்புகளை யாரும் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஒண்ணு ரெண்டு இடத்துல மொழியைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டலாம். மத்தபடி மேடம் சொன்னா அதுக்கு மேல நான் என்ன சொல்றது?"

இப்படியே ஒரு மணி நேரம். பூசினான், மெழுகினான், ஒரு இடத்தில்கூடப் பிடி கொடுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. ஒருத்தி கொட்டாவியை அடக்கினாள். எல்லோரும் கை தட்டிக் கூட்டம் முடிந்தபோது அவள் கை தட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தனை அவன் சட்டையைப் போட்டு அனுப்பிவிட்டார்களா என்ன!

அவனைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். அவன் உட்காராமல் நின்றான். பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எங்க மாணவர்கள் உங்க நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டு எங்க கல்லூரி முதல்வர் கொடுத்து அனுப்பினார் மேடம். பகல்ல கூலி வேலைக்குப் போய்ட்டு ராத்திரி படிக்கிற பசங்க. உங்க இணைய நூலகம் திறந்தா அவங்களுக்குக் கண் திறந்த மாதிரி."

அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"வாயைக் கட்டிக்கிட்டுப் போய்ட்டு வான்னு சொல்லி அனுப்பினாரா?"

அவன் தரையைப் பார்த்தான். "காரியம் ஆகணுமே மேடம்."

அவள் பேனாவை எடுத்தாள். இப்படிப்பட்ட மாணவர்கள் யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். நிறுவனம் இருப்பதே அதற்குத்தான். கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, செயலாளரைக் கூப்பிட்டு உடனே பதிவு செய்யச் சொன்னாள். செயலாளர் தாளோடு போனதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஆச்சு. இனிமே உனக்கு என்கிட்ட ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. நான் திட்டினாலும் அழுதாலும் அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியாது. இப்பச் சொல்லு. அறிக்கை எப்படி?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நாலாம் அத்தியாயம் குப்பை" என்றான்.

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. நிஜமாகவே குளிர்ந்தது; இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"ஏன் குப்பை?"

"நீ என்ன சொல்றே? வழக்குக்கு வந்த வாடகைதாரர்கள்ல பாதிக்கு மேல ஜெயிச்சிருக்காங்க, அதனால சட்டம் அவங்களைக் காப்பாத்துது, புதுசா ஒண்ணும் வேண்டாம், கோர்ட்டைப் பலப்படுத்தினாப் போதும். அதானே?"

"அதான். ஒவ்வொரு தீர்ப்பையும் படிச்சு எண்ணியிருக்கோம்."

"கோர்ட்டுக்கு வந்தவனை எண்ணினே. வராதவன் எங்க? வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொன்னதும் சட்டி பானையைக் கட்டிக்கிட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம போனவன் எங்க? அவன் எந்தத் தீர்ப்புலயும் இருக்கமாட்டான். உன் புஸ்தகத்துல அவன் பிறக்கவே இல்ல. இதைப் போய் சட்டமன்றத்துல வெச்சா அவங்க சந்தோஷமா ஒத்துக்குவாங்க. போனவங்க போனதுதான்."

அவள் விடவில்லை. ஊகத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது என்றாள். எண்ணாததை ஊகம் என்று சொல்லாதே, சோம்பேறித்தனம் என்று சொல் என்றான் அவன். அவள் மேஜையைத் தட்டினாள். அவன் அதைவிடப் பலமாகத் தட்டினான். செயலாளர் பயந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடினார். நான்கு வருடமாக உடம்பில் எங்கேயோ மரத்துக் கிடந்த ஓர் இடத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது போல இருந்தது அவளுக்கு. வலித்தது, நன்றாகவும் இருந்தது. இந்த நேரம் முடியக்கூடாது என்று ஆசைப்பட்டாள்.

ஆனால் வாதம் முடிந்துவிட்டது. அவன் சொன்னது சரி. நாலாம் அத்தியாயம் நிற்காது, அது போனால் அறிக்கை நிற்காது. அறிக்கை போனால் என்ன போகும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது.

"நீட்டிப்பு இதை வெச்சுத்தானாமே" என்றான், குரலை இறக்கி. "அதுவும் ஒரு காரணம், நான் அங்க வாயைத் திறக்காததுக்கு."

"மறுபடியுமா?" என்றாள் அவள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. "நீயும் அப்படித்தானே போனே? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம, மூட்டையைக் கட்டிக்கிட்டு. பதினஞ்சு வருஷம் ஒவ்வொரு கால்புள்ளிக்கும் என்கூடச் சண்டை போட்டவன், அன்னைக்கு மட்டும் உள்ள போய் அவளே சரியான ஆள்னு சொல்லிட்டு வந்துட்டே. எனக்குச் சம்பளக் கதை சொன்னே. நான் நம்பலை. நீ அன்னைக்கு எனக்கு இந்த வேலை வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் விலகியிருப்பேன். தெரியுமா உனக்கு?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டான்.

"தெரியும்" என்றான். "அதனாலதான் சொல்லலை."

"எனக்கு அது வேணும்தான். ரொம்ப வேணும். ஆனா வாதத்துல என்னை ஜெயிச்சவ, எனக்கு வேணும்னு தெரிஞ்சதும் தோத்துக் கொடுத்துடுவா. அப்படி வாங்கி நான் என்ன பண்றது? இங்கேயே இருந்தா என்னைக்காவது மூஞ்சியில காட்டிடுவேன். அதான் போய்ட்டேன்." எழுந்து பையை மாட்டிக்கொண்டான். "நாலு வருஷமா யார் கூடயும் சண்டை போடலை. அங்க எல்லாரும் என்னை சார், சார்னுதான் கூப்பிடுறாங்க."

"இருந்துட்டுப் போயேன். நாளைக்குப் போகலாம்."

"நாளைக்கு வகுப்பு இருக்கு. பசங்க வேலையை விட்டு நேரா வந்து உட்கார்ந்திருப்பாங்க."

அவன் போவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் நின்றான். பஸ் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிப் போய்விட்டான். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். எந்த வாதத்தை வைத்து நிறுத்துவது?

அவள் ஆட்சிக்குழுத் தலைவருக்குப் போன் போட்டு, அறிக்கை அடுத்த வாரம் வராது என்றாள். "இதோட விளைவு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கிறேன்" என்றார் தலைவர். "தெரியும் சார்" என்றாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக இருந்தது.

பிறகு கூட்ட அறைக்குப் போனாள். ஆய்வாளர்கள் இன்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்டிருக்கும். அவள் நாலாம் அத்தியாயத்தின் தவறை ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். புள்ளிவிவரக்காரர் தாடியைத் தடவினார்.

"எனக்கும் தோணுச்சு மேடம்" என்றார் மெதுவாக.

அவள் அவரைத் திட்டவில்லை. நான்கு வருடமாக அவர் வாயை அடைத்து வைத்தது யார் என்று இப்போது அவளுக்குத் தெரியும். "இனிமே தோணினா சொல்லுங்க. நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சாலும் சொல்லுங்க" என்றாள். "வழக்குப் போடாம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்களைத் தேடிப் பிடிக்கணும். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி. நான் இயக்குநரா இருக்கிற வரைக்கும் நாம செய்யப் போற வேலை இதுதான்."

"அவங்க ஏன் போனாங்கங்கிறதுக்குத் தனியாக் கேள்வி வேணுமா மேடம்? பயந்துக்கிட்டுப் போனாங்கன்னு நாமளே எழுதிடலாமே" என்றார் புள்ளிவிவரக்காரர்.

"இல்ல" என்றாள். சட்டென்று சொன்ன வேகத்தில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள். "எல்லாரும் பயந்துதான் போனாங்கன்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது. ஒவ்வொருத்தரையும் உட்கார வெச்சுக் கேளுங்க. நாலு வருஷம் கழிச்சாவது கேட்டுடணும்."