இரண்டு நிற மாத்திரை

மயில்சாமி கடைசியாகக் கேட்டது மோர். பொழுது இறங்கும் நேரம். கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, "இன்னங்கொஞ்சம் ஊத்து புள்ள, நாக்கு ஒட்டிக்குது" என்று சொம்பை நீட்டினார். சௌந்திரம் ஊற்றினாள். பிறகு மஞ்சள் மாத்திரை ஒன்றும் சிவப்பு மாத்திரை இரண்டும் எடுத்துக் கணவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கலர் கலராக் குடுக்கறயே, நோம்பி முட்டாயாட்ட" என்றார். அவர் வேடிக்கை பேசிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

மஞ்சள் மாத்திரை சேலத்து டாக்டர் கொடுத்தது. எண்பத்திரண்டாம் வருசம் கிணறு வற்றி, ரிக் வண்டி கொண்டுவந்து போட்ட ஆழ்துளைப் போரிலும் தண்ணீர் வராமல் வெறும் புழுதிப் புகையே பறந்த பிறகு மயில்சாமி பேச்சை விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பார். கேட்டால் கண்ணில் நீர் முட்டும். மகள் வசந்தாமணிக்குச் சேந்தமங்கலத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. அப்பனுக்கு மனசு சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே போனால் பேச்சு அதோடு முறிந்துவிடும். சொந்த ஊரான எருமப்பட்டியில் எல்லாரிடமும் சேலை பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் சௌந்திரம் அவரைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள்.

"நீங்களா கூட்டாதீங்க, நிறுத்தாதீங்க. வேற டாக்டர்கிட்டப் போனா இந்தச் சீட்டைக் காட்டுங்கம்மா" என்றார் அந்த டாக்டர். அவள் சீட்டைப் பெட்டியின் அடியில் ஒளித்தாள். இரண்டே மாதத்தில் மயில்சாமி மறுபடி காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்.

அப்புறம் அக்கி வந்தது. இடுப்பைச் சுற்றிக் கொப்புளம். குயவர் காவியைக் குழைத்து அக்கி எழுதினார். புண் ஆறியது, வலி ஆறவில்லை. வேட்டி உரசினால்கூட நெருப்புப் பட்டவர் மாதிரி துடித்தார். நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனார்கள். மறைப்பு ஒன்றும் இல்லாத அறை. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அதில் மாப்பிள்ளையின் அத்தை முத்தாயம்மாளும் நின்றாள்.

"ஏனுங்க, இப்பவே சம்பந்தின்னு கூப்புடலாமுங்களா? இல்ல, தட்டு மாத்தற வரைக்கும் பொறுத்துக்கோணுமுங்களா?" என்று சௌந்திரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "நரம்பு வலிங்க. ராத்திரிக்கு ஒரு மாத்திரை. வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடறாருங்களா?" என்றார்.

மயில்சாமி மனைவியைப் பார்த்தார். முத்தாயம்மாளும் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள் சௌந்திரம். "காச்சலுக்குக்கூட மாத்திரை முழுங்காத ஆளுங்க."

அந்தச் சிவப்பு மாத்திரையில் வலி கொஞ்சம் தணிந்தது. அடுத்த முறை டாக்டர் இரண்டாக ஏற்றினார். அதற்குப் பிறகு எழுந்தால் தலை சுற்றியது, நீர் பிரியச் சிரமப்பட்டார், நெஞ்சு படபடத்தது. "மருந்து வேல செய்யுதுங்க, அதான்" என்று தைரியம் சொன்னவள் அவள்தான்.

மோர் குடித்த மறுநாள் காலை, மாட்டை அவிழ்க்கப் போனவர் அங்கேயே விழுந்து கிடந்தார். கை கயிற்றை விடவில்லை.

காரியம் முடிந்ததும் மிச்ச மாத்திரைகளை எடுத்துக்கொண்டு சௌந்திரம் தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். டாக்டர் இரண்டு மாத்திரைப் பட்டைகளையும் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. கம்பெனி வேற, கலர் வேற. மனசுக்கும் குடுப்போம், நரம்பு வலிக்கும் குடுப்போம். அளவு மீறினா நெஞ்சுத் துடிப்பைக் கெடுத்துரும்."

அவள் நின்றபடியே இருந்தாள். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டாவதை எழுதியிருக்க மாட்டாரு."

"நாந்தான் தெரிய உடலீங்க" என்றாள்.

வருசம் திரும்புவதற்குள் வசந்தாமணியின் கல்யாணம் சேந்தமங்கலத்தில் நடந்தது. "நோய்நொடி இல்லாத மனுசனுங்க, திடுக்குனு போயிட்டாரு" என்று முத்தாயம்மாள் பந்தியில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். சௌந்திரம் பின்னாலேயே சாம்பார் வாளியுடன் நடந்தாள்.

சேலத்து டாக்டரைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.