சுதா முந்திரிக்கு ஓர் இங்கிலீஷ் பேரு

ஜோசியரை நான் திட்ட மாட்டேன். அந்த ஆளு காசு வாங்கினாரு, சொன்னாரு. கூடப் பொறந்தவனுக்கு என்ன கேடுங்கறேன்.

என் பேரு ஜெயசுதா. வூடு ஆண்டிமடம். புருஷனோட ஒத்துவரலைன்னு எட்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மா வூட்டுக்கே திரும்பி வந்துட்டேன். ஊரு வாழாவெட்டின்னு பேரு வெச்சுது. வெச்சுட்டுப் போவட்டும்னு எங்க காட்டு முந்திரியை வறுத்து, மிளகும் உப்பும் போட்டு, பாக்கெட்டுல 'சுதா முந்திரி'ன்னு அடிச்சு விக்க ஆரம்பிச்சேன். காடு அம்மா பேருல இருந்ததால லைசென்ஸையும் அம்மா பேருலயே எடுத்தேன். அரியலூர் பேக்கரிங்களுக்கு நானே பஸ்ஸுல தூக்கிட்டுப் போயி போடுவேன். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர்ல கோயில் கூட்டம். அங்க ஒரு பெட்டிக்கடை ஓரமா நின்னு விப்பேன். கொஞ்ச நாள்ல 'சுதா முந்திரி இருக்காம்மா'ன்னு பேரு சொல்லிக் கேட்டு வந்தாங்க. பேரு சொல்லி என்னைத் தேடி ஆளு வருதுன்னா அது எனக்கு எவ்வளவு பெருசுன்னு சொன்னா உங்களுக்குப் புரியுமோ என்னமோ.

அப்பத்தான் மஸ்கட்டுலேருந்து என் அண்ணன் ராஜதுரை வந்தான். அண்ணனைப் போயி வந்தான் போனாங்கறாளேன்னு பாக்காதீங்க, இனிமே அவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

"சிறுவாச்சூர்ல ரோட்டு மேலயே பெரிய கடையாப் போட்டுடுவோம் சுதா, முதல் நான் போடறேன்"ன்னான். எனக்குக் கால் தரையில பாவலை. அடுத்த வாரம் பெரம்பலூருக்குப் போயி எண் ஜோசியரைப் பாத்துட்டு வந்தான்.

"சுதாங்கற பேரு எண்ணுக்கு ஆவாதாம். இங்கிலீஷ் வார்த்தையா இருக்கணுமாம். அஞ்சே எழுத்து. சி-ல ஆரம்பிக்கணும், உள்ள ஒரு ஆர் வரணும். நீதான் எந்நேரமும் போன்ல எழுத்து விளையாட்டு ஆடிக்கிட்டு இருக்கியே, கண்டுபிடி பாப்போம்."

பேரு போவுதேன்னு சுருக்குன்னுச்சு. "பாக்கெட்டுக்குப் பின்னால உன் பேரு கட்டாயம் இருக்கும்"னான். சரின்னுட்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த வேலை எனக்கு வெல்லமா இனிச்சுது. காலேஜுல இங்கிலீஷ்தான் படிச்சேன், பாதியில கட்டிக் கொடுத்துட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒண்ணா உக்காருவோம். அண்ணி தேவயானி எனக்கு முதல்ல தோசை வெப்பாங்க. நான் ஒவ்வொண்ணாச் சொல்லுவேன்.

"கிரைம்."

"நாம என்ன கொலையா பண்றோம்?"ம்பான் அண்ணன்.

"கோர்ட்."

"வாசல்ல வக்கீலுங்க வந்து நிப்பாங்க."

"கர்ஸ். சாபம்னு அர்த்தம்."

"முந்திரிக்கொட்டையாட்டம் முந்தாதே, யோசிச்சுச் சொல்லு"ன்னு அண்ணன் தலையில அடிச்சுக்குவான். அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போவும். காலையில நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள "கிடைச்சுதாடி?"ன்னு அம்மா காபியோட நிக்கும். கிரீம் சொன்னேன், ஐஸ் கடைம்பாங்கன்னான். சார்ம், கிளியர், கிரிஸ்ப், எல்லாத்துக்கும் ஒரு நொட்டை சொன்னான். ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. ஒரு நாள் அடுப்படியில நிக்கும்போது வந்துச்சு, கிரவுன். கிரீடம். "என் தங்கச்சியாச்சே"ன்னு அவன் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான்.

கடை திறந்தோம். போர்டுல 'கிரவுன் கேஷ்யூஸ்'. கீழ, உரிமையாளர் ராஜதுரை. பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், என் பேரு எங்கயும் இல்ல. கேட்டேன். "ஜோசியர் ஒத்துக்க மாட்டேங்கறாரு, நான் என்ன பண்ண?"ன்னான். நான் கடைக்குப் பின்னால நின்னு வறுத்துக் கொடுக்குறேன். முன்னால போயி நின்னா நான் உப்புக்குச் சப்பாணி.

மனசு கேக்கலை. பெரம்பலூருக்கு பஸ் ஏறி அந்த ஜோசியரைப் போயிப் பாத்தேன்.

"ஐயா, நான் ராஜதுரை தங்கச்சிங்க. கிரவுன்னு பெருசாப் போட்டு, ஓரத்துல பொடி எழுத்துல சுதான்னு போட்டா எண்ணு கெட்டுடுங்களா?"

"சுதா நல்ல பேராச்சேம்மா. வியாபாரம் நடக்குற பேரு, மாத்தாதீங்கன்னுதானே உங்க அண்ணன்கிட்ட சொன்னேன்."

"அப்ப அந்த அஞ்சு எழுத்து, சி, ஆர் எல்லாம்?"

அவரு முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "இதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுல்ல நெனைச்சேன். லைசென்சு தன் பேருக்கு மாறுற வரைக்கும் தங்கச்சி கவனம் வேற பக்கம் இருக்கணும், எழுத்து தேடச் சொன்னா அது சோறு தண்ணி மறந்துடும், கஷ்டமா ஒண்ணு சொல்லுங்கன்னு அவருதான் கேட்டாரு."

வூட்டுக்கு எப்படி வந்து சேந்தேன்னு தெரியலை. அம்மா முந்திரி காயப் போட்டுக்கிட்டிருந்துச்சு. லைசென்ஸ் அம்மா பேருல. அது மாறணும்னா அம்மாதான் கையெழுத்து போட்டிருக்கணும்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா நிமிந்து பாக்கலை. "அவன் குடும்பஸ்தன். புள்ளைங்களைப் படிக்க வெக்கணும். நீ ஒண்டிக்கட்டை, உனக்கு எதுக்குடி கடையும் பேரும்? சோறு போட மாட்டேன்னா சொல்றான்?"

"அப்ப தினம் காபியோட வந்து கிடைச்சுதா கிடைச்சுதான்னு கேட்டியே?"

அம்மா முந்திரியைக் கையால பரப்பி விட்டுச்சு. அப்புறம், "நீயும் சந்தோஷமாத்தானேடி தேடிக்கிட்டிருந்தே"ன்னுச்சு.

ஆமாம், இருந்தேன். எட்டு வருஷத்துல அந்த வூட்டுல என்னைச் சுத்தி எல்லாரும் உக்காந்து நான் பேசுறதைக் கேட்டது அந்த ரெண்டு வாரந்தான். கடைக்காக அவனை நாலு பேரு முன்னால நிக்க வெச்சுக் கேப்பேன், விட மாட்டேன். ஆனா அந்த ரெண்டு வாரத்துக்கு யாரை நிக்க வெச்சு என்னன்னு கேக்கறது?