கறிக்கடைக்காரரின் மூக்கு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, எங்கள் கறிக்கடைக்காரரின் தங்கை சொன்னது. என் சீட்டு முப்பத்தொன்று, அவளுடையது முப்பத்திரண்டு. உள்ளே பதினெட்டுதான் போயிருந்தது. கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு பேசினாள்.

வீட்டுக்கு வந்ததும் இப்படி ஆரம்பித்தேன்:

"விடிந்தும் விடியாத நேரம். கடைக்குள்ளிருந்து பச்சைக் கறியின் வாடை தெருவுக்கு..."

அடித்துவிட்டேன். கறிக்கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாக வாடையில்தான் போய் நிற்கிறது. இந்தக் கதை கறிக்கடைக்காரரின் பக்கம் நின்று சொல்லப்படுவது. அவருக்கு வாடையே கிடையாது.

2

நாலு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து, ஐந்தாம் நாள் கடைக்கு வந்தார். கொக்கியில் தொங்கிய தொடையருகே வழக்கம்போல் முகத்தைக் கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை. வெட்டிக் கழித்த சவ்வு கிடந்த வாளியை முகர்ந்தார். பினாயில் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தன் அக்குளையும் முகர்ந்தார். சுவரை முகர்ந்ததுபோல் இருந்தது.

அந்தத் தொழிலில் கண் பாதி சொல்லும், விரல் கால்வாசி சொல்லும். கடைசித் தீர்ப்பு மூக்கினுடையது. அவருடைய மூக்குக்கு ஊரில் தனி மரியாதை. பக்கத்து வீட்டுப் பெண்கள் பாலைக்கூடக் கொண்டுவந்து, "கொஞ்சம் மோந்து சொல்லுங்கண்ணே, காய்ச்சலாமா?" என்று கேட்பார்கள். அதற்கும் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தார், மூக்கு போன பிறகும்.

[இந்த இடத்தில் அவரை ஒரு கர்வியாக எழுதிவைத்திருந்தேன். "பெயர் போய்விடுமே என்று மறைத்தார்" என்று ஒரு வரி. தங்கை சொன்னது வேறு: "பெருமையெல்லாம் இல்லைங்க. நாளைக்கு வந்துரும்னு நெனச்சாரு. தினமும் நாளைக்கு." கர்வியை வெட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆள்தான் மிஞ்சினார்.]

இரண்டு மாதம் ஓட்டினார். எப்படியென்றால், தங்கையின் முகத்தை வைத்து. அவர் வெட்டுவார், அவள் நிறுத்துப் பொட்டலம் கட்டுவாள். அப்பா விட்டுப்போன கடையில் இருவருக்கும் சரிபாதி. சந்தேகமானதை, "இதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வை" என்று அவளிடம் நீட்டிவிட்டு, அவள் முகம் சுளிக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். சுளித்தால், "நானும் அதான் நெனச்சேன்" என்று தூக்கிப் போட்டுவிடுவார். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய மூக்கைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்.

[அண்ணனுக்கு "அவர்", தங்கைக்கு "அவள்" என்று எழுதுவது ஓரவஞ்சனைதான். இருவருக்கும் "அவர்" போட்டுப் பார்த்தேன். யாருடைய மூக்கு யாரிடம் இருக்கிறது என்று எனக்கே குழம்பிவிட்டது.]

3

ஒரு சனிக்கிழமை, சித்தி மகளைப் பார்க்கத் தங்கை வெளியூர் போயிருந்தாள்.

முந்தின நாள் யாரோ சொல்லிவைத்து வாங்க வராத கொத்துக்கறி ஒரு டப்பாவில் இருந்தது. காலையில் பார்த்தால் குளிர்பெட்டியின் பிளக் தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது கழன்றதோ தெரியாது. அழுத்திச் சொருகினார். டப்பாவைத் திறந்து பார்த்தார். நிறம் கொஞ்சம் மங்கல். தொட்டுப் பார்த்தார், பரவாயில்லை. மூக்கருகே கொண்டுபோனார், ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையை நல்லது என்று எடுத்துக்கொண்டார்.

மூன்று கடை தள்ளியிருக்கும் தையல்காரர் வந்தார். அம்மாவுக்குப் பல் இல்லை, அதனால் எப்போதும் கொத்துக்கறிதான். அரைக் கிலோ கட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு இரவே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஓயாத வாந்தி.

திங்கள் காலை தங்கை வந்து டப்பாவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"அண்ணே, இதை மோந்து பாரு."

அவர் குனிந்தார். நிமிர்ந்தார். "நல்லாத்தானே இருக்கு."

அவள் அவரைப் பார்த்த பார்வையில்...

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவள் அவரைப் பார்க்கவே இல்லையாம். தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.]

"எவ்வளவு நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"இதுலேருந்து யாருக்காவது குடுத்தியா?"

அவர் கையிலிருந்த கத்தியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

4

அன்று முதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி கேட் வரை மூன்று தடவை போய், வாட்ச்மேன் "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டதும் மூன்று தடவையும் திரும்பிவிட்டார்.

தங்கை சொன்னாள்: "அந்தம்மா பிழைச்சு வீட்டுக்கு வரட்டும். இப்ப போய்ச் சொன்னா உனக்கு மனசு லேசாகும். தையக்காரருக்குப் பாரம் ஏறும்."

அதில் நியாயம் இருந்தது. அவளுடைய பாதிக் கடையும் அதில் இருந்தது. அதையும் அவளே என்னிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை தையல்காரரே வந்து நின்றார். கழுத்தில் டேப். நாலு நாள் தாடி. கடை முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"அம்மா கண்ணு முழிச்சிட்டாங்க. எலும்புத் தண்ணி குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நல்லதா பாத்து, நீங்களே மோந்து பாத்துக் குடுங்க."

தங்கை எலும்பை முகர்ந்து பார்த்துத் தனியாக எடுத்து வைத்தாள். அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், வரிசை போகட்டும் என்று. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் கத்தியைக் கட்டையில் வைத்தார்.

"எனக்கு மோப்பம் போயி ரெண்டு மாசமாச்சு. சனிக்கிழமை உங்களுக்குக் குடுத்தது கெட்டுப்போன கறி. எனக்குத் தெரியல. தெரியாதுங்கிறதை யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

வரிசையில் ஒருவர் செல்போனை எடுத்து, அணைந்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

இதற்கு மேல் நான் எழுதிப் பார்த்தவை:

அ) தையல்காரர் அவர் தோளில் கைவைத்து, "சொன்னீங்களே, அது போதும்" என்றார். [ரொம்ப இனிப்பு. தங்கை கேட்டிருந்தால், வீங்கிய கன்னத்தோடு சிரித்திருப்பாள்.]

ஆ) தையல்காரர் தராசைத் தூக்கி... [அவர் ஊசியில் நூல் கோக்க மூச்சைப் பிடித்துக்கொள்கிற மனிதர். தராசையெல்லாம் தூக்கமாட்டார்.]

நடந்தது இது. தையல்காரர் டேப்பின் இரண்டு நுனியையும் இழுத்துச் சமமாக்கினார். பிறகு கேட்டார்:

"இந்த எலும்பை யாரு மோந்து பாத்தது?"

"நான்," என்றாள் தங்கை.

"அப்ப நீங்க குடுங்க."

கறிக்கடைக்காரர் ஓரடி ஒதுங்கி வழிவிட்டார். தங்கை கொடுத்தாள், தையல்காரர் வாங்கிக்கொண்டு போனார். வரிசையில் இரண்டு பேர் கலைந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள்.

இப்போது அந்தக் கடையில், வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தங்கை முகர்கிறாள், எல்லோர் கண் முன்னாலும். அவள் தலையசைத்த பிறகுதான் கத்தி இறங்குகிறது. கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவர் நிமிர்ந்து நிற்கிறார். நன்றாகத் தூங்குகிறாராம். அண்ணன் இப்படி ஆளாக நின்று பார்த்ததில்லை என்றாள் தங்கை.

இங்கே முடித்திருப்பேன். ஆனால் அவள் முடிக்கவில்லை. உள்ளே இருபத்தொன்பதைக் கூப்பிட்டபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

போன வாரம் ஒரு நர்ஸ் கறி வாங்க வந்திருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, "அந்த வாரம் எங்க வார்டு நெரம்பி வழிஞ்சுது. தையக்காரர் வீட்டுத் தெருவே வந்து படுத்துக் கெடந்துது. குடிதண்ணிக் குழாய்ல சாக்கடை கலந்துடுச்சு" என்றாளாம். அந்தத் தெருவில் அந்தக் கறியைச் சாப்பிட்டவர் தையல்காரரின் அம்மா ஒருவர்தான்.

அண்ணன் அப்போது உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. இன்றுவரை அவள் சொல்லவும் இல்லை.

"சொன்னா நிம்மதியா இருப்பாரு. ஆனா, 'அப்ப தப்பு என்னுது இல்ல'ன்னு ஆயிடும். மறுபடி எதையாவது மறைச்சாருன்னா? சொல்லாம இருந்தா, செய்யாத பாவத்தைச் சாகுற வரைக்கும் தூக்கிட்டுத் திரிவாரு. கறி கெட்டுத்தான் போயிருந்துது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது கறியா தண்ணியான்னு யாருக்குத் தெரியும்? நீங்க எழுதுற ஆளாச்சே, சொல்லுங்க. சொல்லணுமா, வேணாமா?"

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து ஓடினேன். பல் பிடுங்கவேண்டியவன் அவ்வளவு ஆசையாக ஓடி அந்த டாக்டர் பார்த்திருக்கமாட்டார்.

6

கறியா தண்ணீரா என்று ஒரே வாக்கியத்தில் நான் தீர்த்துவைக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் முகர்ந்து காட்ட மனம் வரவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கடைசிப் பத்தியை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு ரசீதின் பின்பக்கத்தில், கறிக்கடை வரிசையில் நின்றபடி எழுதுகிறேன். அவர் ஒரு தொடையை இறக்குகிறார். தங்கை குனிந்து முகர்கிறாள், தலையசைக்கிறாள். நிமிரும்போது என்னைப் பார்த்துவிட்டாள். பதிலோடு வந்திருக்கிறேன் என்று நினைக்கிறாள்.

எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கிறார்கள். அதற்குள் நீங்களாவது ஒரு பதில் சொல்லுங்கள்.