பக்கப்பெட்டி வைத்த புல்லட்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். வண்டியின் டேங்க் பச்சை என்று ஒரு சமயம் தோன்றுகிறது, கறுப்பு என்று ஒரு சமயம். நடந்தது எண்பத்தொன்றிலா எண்பத்திரண்டிலா என்பதும் உறுதியில்லை. அதன் சத்தம் மட்டும் குழம்பவில்லை. மூன்று அடி முழுசாக விழும். நாலாவது பாதியில் அமுங்கும். அந்தக் காலனித் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தங்கையன் அந்த ஊருக்கு மருமகனாக வந்தவன். பஸ் டிப்போவில் ஃபிட்டர். மனைவி அம்சம் ஒரே பிள்ளை என்பதால், கல்யாணமான பிறகு மாமனார் இராஜாங்கத்தோடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த காலனி வீட்டிலேயே தங்கிவிட்டான். டிப்போ இருந்த நீடாமங்கலம் அங்கிருந்து பத்து கிலோமீட்டர், சைக்கிளில் போய்வருவான். அதிகம் பேசாதவன். பேச வேண்டிய இடத்திலும் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

அம்சத்துக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது வீட்டிலேயே பிறந்து, மூச்சு விடாமலே போனது. இரண்டாவதற்கு வலி எடுத்ததும் மாட்டு வண்டி கட்டினார்கள். கார்த்திகை மழை, மண் ரோட்டில் சக்கரம் அச்சு வரை புதைந்தது. வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டை எட்டியபோது அம்சம் முனகுவதை நிறுத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தங்கையனைத் தனியாக அழைத்து, ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அடுத்த தடவை முதல் வலிக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தடவையும் கணக்குக் கார்த்திகையில்தான் விழுந்தது. மழை பிடித்தால் டவுன் பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். வாடகைக் கார் காலனித் தெருவுக்குள் வராது. தங்கையன் யோசித்து யோசித்து, அந்தச் சித்திரையில் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினான்.

அங்கே மீரா உசேன் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். உடைத்த விசைப்படகுகளுக்கு நடுவே ஒரு புல்லட் சாய்ந்து கிடந்தது. செயின் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தது.

"ஓடுமா பாய்?"

"ஓடுற வண்டிய எதுக்குத் தம்பி இங்க கொண்டாந்து போடுறாங்க?" என்று சிரித்தார் மீரா உசேன். "இன்ஜின் கெட்டி. நாலு கை மாறி வந்திருக்கு. முதல்ல ஏதோ பெரிய வீட்டு வண்டின்னு சொன்னாங்க."

எந்தப் பெரிய வீடு என்று தங்கையன் கேட்கவில்லை. பின்னாளில் அவன் தன்னை நொந்துகொண்டது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

வீட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு, வண்டியை அக்கக்காகப் பிரித்தான். டிப்போவிலிருந்து வந்ததும் சோறுகூடத் தின்னாமல் அங்கே உட்கார்ந்துவிடுவான். பிஸ்டனுக்குப் புது ரிங், புது வால்வு, கிளட்சுக்குப் புதுத் தகடு. இடது பக்கம் ஒரு பெட்டி பொருத்த வேண்டும்; அதுதான் வேலையே. கழித்த பஸ்ஸின் தகட்டை ஏலத்தில் எடுத்து வளைத்தான். அதே பஸ்ஸின் இரட்டை சீட்டை அறுத்து உள்ளே பதித்தான். மூன்றாவது சக்கரம் ஒரு ஸ்கூட்டருடையது. பெட்டியைச் சேஸிஸோடு பிணைக்கும் குழாய்களைச் சைக்கிளில் கட்டி நீடாமங்கலம் கொண்டுபோய் வெல்டிங் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தான். பொருத்தினால் ஹேண்டில் இடது பக்கம் இழுத்தது. மறுபடி அறுத்தான், மறுபடி வெல்டிங். மனதுக்குள் ஒரு நாள்காட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று விரல் மடக்குவான். எப்போதும் ஒரு விரல் குறைகிற மாதிரி இருக்கும்.

அம்சம் எப்போதாவது கொட்டகை வாசலில் வந்து நிற்பாள். பெட்டியைப் பார்ப்பாள். திரும்பிப் போய்விடுவாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் முதன்முதலாகப் பிடித்தது. ஏழெட்டுத் தடவை கிக்கரை உதைத்த பிறகு ஒரு இருமல். அப்புறம் டப், டப், டப் என்று மூன்று அடி, அமுங்கிய நாலாவது அடி. தங்கையன் நிமிர்ந்து தெருவைப் பார்த்தான். யாராவது வந்து பார்ப்பார்கள், கேலியாக இரண்டு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்திருந்தான்.

குழாயடியில் பேச்சு நின்றிருந்தது. ஒருத்தி நிரம்பாத குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். எதிர்ச்சாரியில் இரண்டு கதவுகள் சாத்தப்பட்டன. பாதையில் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்த இரண்டு பெரிய ஆட்கள், யாரும் சொல்லாமலே, பாதையை விட்டு வயலில் இறங்கி நின்றார்கள். இறங்கிய பிறகுதான் அவர்களுக்கே அது உறைத்திருக்க வேண்டும்; ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கையன் வீட்டுக்குள் ஓடினான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்சம் கதவுக்குப் பின்னால், முழங்காலை மடக்கி, வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லங்க. அத நிறுத்திடுங்க."

இராஜாங்கம்தான் பிறகு சொன்னார். பதினாலு வருஷத்துக்கு முந்திய கதை. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டுத் தெரு முழுக்க வேலைக்கு இறங்காமல் நின்ற வருஷம். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். அவருடைய காரியஸ்தர் தியாகேசன் ஆட்களோடு தெருவுக்கு வருவார்; அவர் வருவது இந்தப் புல்லட்டில். பாலத்தில் ஏறும்போதே சத்தம் கேட்டுவிடும், ஆண்கள் வயலுக்குள் ஓடிவிடுவார்கள். ஒரு நாள் இராஜாங்கத்தால் ஓட முடியவில்லை, மகள் கூட இருந்தாள். ஒன்பது வயதுப் பெண்ணைக் காலியாக இருந்த நெற்குதிருக்குள் இறக்கி மூடியைப் போட்டார். அவருடைய இடது முழங்கால் அன்று போனதுதான். அடிபட்டுக் கிடந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன தெருக்காரர்களுக்குக் குதிருக்குள் பிள்ளை இருப்பது தெரியாது. சாயங்காலம் அவருக்கு நினைவு திரும்பிச் சொன்ன பிறகுதான் போய்த் திறந்தார்கள். அதுவரை அவள் ஒரு சத்தம் போடவில்லை.

"வண்டி நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ளே" என்றார் இராஜாங்கம். "சத்தந்தான் பழசு."

விற்றுவிடலாம். ஆனால் கார்த்திகைக்குள் இன்னொன்றைக் கூட்ட முடியாது. தங்கையன் சத்தத்தை மாற்றுவதில் இறங்கினான். பிளக்கை மாற்றினான், பாயிண்டை மாற்றினான், கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி மாட்டினான். நாலாவது அடி அமுங்கித்தான் விழுந்தது. கடைசியில் சைலன்சரைப் பிளந்து, உள்ளே துளை போட்ட தகடுகளை அடுக்கி, இடைவெளியெல்லாம் லேத்தில் கழிந்த இரும்புச் சுருளைத் திணித்து மூடினான். ஒவ்வொரு தடவை இன்ஜினைப் போடும்போதும் அவன் கண் வண்டியில் இருக்காது; சமையலறை ஜன்னலில் தெரியும் அம்சத்தின் விரல்களில் இருக்கும். அரிவாள்மணையில் அவை நின்றால் அன்று தோல்வி. ஐப்பசி பிறந்தபோது வண்டி தையல் மிஷின் மாதிரி முனகியது. விரல்கள் நிற்கவில்லை. இரண்டு நெல் மூட்டையைப் பெட்டியில் வைத்துத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தான். இழுவை கொஞ்சம் குறைந்திருந்தது. சமாளிக்கும் என்று நினைத்தான்.

மிச்சம் மழைதான். தார்ப்பாயை இரும்புக் கம்பியில் இழுத்துக் கட்டி, பெட்டிக்கு ஒரு மூடி செய்தான். உள்ளே ஒரு சொட்டு இறங்காது. அதை மாட்டிவிட்டு அம்சத்தைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா மூடுது" என்றாள்.

அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான்.

கார்த்திகையில் மூன்று நாளாக விடாத மழை. வலி எடுத்தது பகல் இரண்டு மணிக்கு. பக்கத்து வீட்டு ராசம்மாள் துணைக்குப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். அம்சம் பெட்டியில் உட்கார்ந்ததும் தங்கையன் மூடியை இழுத்துக் கொக்கி போட்டான். கொக்கி விழுந்தபோது உள்ளே அவள் மூச்சு இழுத்தது கேட்டது. வலி என்று நினைத்தான்.

தெருவைத் தாண்டியது, வயல் பாதையைத் தாண்டியது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியது. பாதி ஏறி, மூச்சு முட்டி, நின்று, பின்னால் உருண்டது. ராசம்மாளை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினான். மறுபடி அதே இடத்தில் நின்றது. சேறு மேல்சட்டை வரை தெறித்தது. உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. போன தடவையும் அவள் முனகல் இப்படித்தான் நின்றிருந்தது.

எங்கே கோளாறு என்று அவனுக்குத் தெரியும். திணித்த சுருள் இன்ஜினின் மூச்சை அடைக்கிறது. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் சைலன்சர் கையோடு வந்துவிடும், வண்டி ஏறிவிடும். ஆனால் சைலன்சர் இல்லாத புல்லட் போடும் சத்தம், அன்று தியாகேசன் போட்டுக்கொண்டு வந்த சத்தத்தைவிட இரண்டு மடங்கு இருக்கும். பத்து கிலோமீட்டர். அவளுடைய காதுக்குப் பக்கத்தில். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றான்.

"தம்பி, நின்னா எப்படி" என்றாள் ராசம்மாள்.

அவன் கொக்கியை விலக்கி மூடியைத் தூக்கினான். அம்சத்தின் முகம் வெளுத்திருந்தது. சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"சைலன்சரக் கழட்டணும். கழட்டுனா சத்தம் வரும். அந்தச் சத்தம்."

மழை அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வலி வந்து போகும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வரட்டும்" என்றாள். "மூடியக் கழட்டிப் போட்டுடுங்க. அத மட்டும் மூடாதீங்க."

"நனைவியே."

"நனையிறேன். மூடாதீங்க."

அப்போதுதான் அவனுக்கு அந்தக் குதிரும் அதன் மூடியும் நினைவுக்கு வந்தன. மூன்று மாதமாக அவன் தவறான இடத்தில் வேலை செய்திருந்தான். தார்ப்பாயைக் கம்பியோடு பிடுங்கி வாய்க்காலில் எறிந்தான். ஈரச் சாக்கைச் சுற்றிச் சூடான சைலன்சரை இழுத்தான், கை பொத்துப்போனது. கிக்கரை உதைத்தான்.

ஏற்றத்தில் வண்டி ஏறிய சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும். மேட்டில் ராசம்மாள் மறுபடி பின்சீட்டில் தொற்றிக்கொண்டாள். பாலத்துக்கு அப்பால் சம்பா வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பாதையில் வந்தவர்கள் பழக்கத்தில் வயலுக்குள் ஒரு காலை இறக்கினார்கள். பிறகு, தலைவிரிகோலமாக மழையில் நனைந்துகொண்டு பெட்டியில் உட்கார்ந்திருப்பது இராஜாங்கத்தின் மகள் என்று தெரிந்ததும் அந்தக் காலை மறுபடி பாதைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய தெருவில் தியாகேசன் குடையோடு நின்றார் என்றும், குறுகலான இடத்தில் வண்டிக்கு வழிவிட்டு அவர் சாக்கடைச் சேற்றில் இறங்கினார் என்றும் ராசம்மாள் பிறகு தெருவுக்கெல்லாம் சொன்னாள். தங்கையன் பார்க்கவில்லை. அவன் காது முழுக்க நாலாவது அடியில் இருந்தது. ஒவ்வொரு முறை அது அமுங்கும்போதும் அடுத்தது விழுகிறதா என்று எண்ணிக்கொண்டே ஓட்டினான். அம்சத்தைப் பக்கவாட்டில் பார்ப்பான். அவள் கண்ணை மூடவில்லை. வாய் திறந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. வலிக்குக் கத்துகிறாளா வேறெதற்குமா என்று அவன் கடைசி வரை கேட்டதும் இல்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினால் திரும்பப் பிடிக்காதோ என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே நின்றான். நின்றிருந்த பஸ்ஸிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அம்சம் இப்போது முனகிக்கொண்டிருந்தாள். முனகட்டும், நிறுத்தாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். ஒரு கூட்ஸ் வண்டி, அதன் எல்லாப் பெட்டிகளோடும், மெதுவாகப் போயிற்று.

அன்று மாலை ஆறேகாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனந்தவல்லி என்று பேர் வைத்தார்கள். நில அளவைத் துறையில் வரைவாளராக இருக்கிறாள். அம்சத்துக்கு அதற்குப் பிறகு குழந்தை இல்லை. இராஜாங்கத்துக்கு, நில உச்சவரம்பு வழக்கு முடிந்து, மிராசுதாரின் நிலத்தில் ஒரு ஏக்கருக்குப் பட்டா வந்தது. இரண்டு குறுவை பார்த்துவிட்டு இறந்தார். தியாகேசன் அடுத்த தையில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டார். காலனித் தெருவுக்கும் பத்திரிகை வந்தது, யாரும் போகவில்லை. பிறகு சென்னையில் மகன் வீட்டுக்குப் போய் அங்கேயே காலமானார். மீரா உசேனின் கடையை அவர் மகன் வளைகுடாவுக்குப் போனதும் மூடிவிட்டார்கள். ராசம்மாள் போன வருஷம் வரை இருந்தாள். தங்கையன் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்று, அம்சத்தோடு அதே காலனி வீட்டில் இருக்கிறான். சுருளை எடுத்துவிட்டுச் சைலன்சரைத் திரும்ப மாட்டினான், மூடி போடவில்லை. தார் ரோடு வரும் வரை தெருவிலிருந்து ஒன்பது பெண்களை அந்த வண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இப்போது ஓடுவதில்லை. கொட்டகையில் நிற்கிறது.