எல்லைக் கல்லுக்கு அப்பால் நாற்பதடி

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் மனைவி சொல்லுவாள். சொல்லட்டும். இந்த ஜெர்மனியில் பதினெட்டு வருடம் ஒரு வில்லங்கமும் இல்லாமல் இருந்து பாஸ்போர்ட்டும் எடுத்தவன் நான். வாசல் மணி அடித்தால் முதலில் திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பேன், பிறகுதான் கதவைத் திறப்பேன். அந்தக் குணத்தால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. வந்ததெல்லாம் செல்வரட்ணத்துக்குத்தான்.

செல்வரட்ணமும் நானும் ஊரில் ஒரே பள்ளிக்கூடம். அவன் நாலு வயது இளையவன். 1999இல் வந்து அகதி விண்ணப்பம் போட்டான். அவனைப் பவேரியா மாநிலத்தில், ஸ்பெஸார்ட் காட்டோரம் ஒரு சின்னப் பட்டணத்து ஹைமில், அதாவது அகதி விடுதியில், ஆறு பேருக்கு ஓர் அறை என்று போட்டிருந்தார்கள். வேலை செய்யக்கூடாது. அந்த மாவட்டத்தைத் தாண்டவும் கூடாது. தாண்டுவதென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் கடுதாசி வாங்க வேண்டும். ஒருமுறை கடுதாசி இல்லாமல் என் வீட்டுக்கு வந்தவன் பிராங்பேர்ட் ஸ்டேஷனில் பிடிபட்டான். முதல் தரம் என்றபடியால் எச்சரித்து விட்டார்கள். இரண்டாம் தரம் என்றால் கிரிமினல் வழக்கு. வழக்கு விழுந்தால் அவனுடைய அன்ராக், அந்த அகதி விண்ணப்பம், அதோகதிதான். யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடும் கதையும் அதோடு சரி.

அவனால் வர முடியாது என்பதால் நான் போவேன். பிராங்பேர்ட்டிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு ரயிலேறுவேன். விடுதி அறையில் ஒரு கதை கதைக்க முடியாது, காட்டில் நடப்போம். நடக்கிறவர்கள் ஒதுங்குவதற்கென்று அந்தக் காடு முழுக்கச் சின்னச் சின்ன மரக்குடில்கள் உண்டு. மூன்று பக்கம் பலகை, மேலே கூரை, உள்ளே ஒரு மேசையும், உட்கார ஒரு நீள வாங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: மான், நரி, எப்போதோ செத்துப்போன ஏதோவொரு பிரபு. நான் கட்டிக்கொண்டு போகும் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அங்கே வைத்துத்தான் சாப்பிடுவோம். ஒவ்வொரு முறையும் புதுக் குடில் தேட வேண்டும் செல்வத்துக்கு. "இதுகும் எங்கடை வீடுதான் அண்ணை" என்பான், வாங்கில் காலை நீட்டிக்கொண்டு. எட்டுக் குடில் பார்த்துவிட்டோம்.

ஒன்பதாவதில்தான் வில்லங்கம். 2003 ஒக்டோபர். மழை பிடித்துக்கொண்டது, கண்ட பாதையால் ஓடி ஒரு குடிலுக்குள் புகுந்தோம். நான் சிகரெட் பற்றவைக்கக் கூரையோரம் நின்றேன். திரும்பி வந்தால் இவன் மேசையில் குனிந்து மும்முரமாக எழுதுகிறான்.

"என்னடா எழுதுறாய்?"

"தகரப் பெட்டிக்குள்ளை பதிவுப் புத்தகம் கிடந்தது அண்ணை. வந்த ஆக்கள் எல்லாரும் எழுதியிருக்கினம். நானும் வடிவா நிரப்பிப்போட்டன்."

வாங்கிப் பார்த்தேன். மற்றவர்கள் 'நல்ல காளான் கிடைத்தது', 'கால் வலிக்கிறது' என்று கிறுக்கியிருந்தார்கள். ஒரு குழந்தை சிலந்திப் படம் கீறியிருந்தது. என் நண்பனோ முத்து முத்தான எழுத்தில் முழுப் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், கோப்பு இலக்கம், விடுதி முகவரி, வந்த நேரம் பதினொன்று நாற்பது என்று எழுதி, கீழே கையெழுத்தும் வைத்திருந்தான். நாலு வருடமாக இந்த நாட்டில் அவன் முன்னால் நீட்டிய தாளிலெல்லாம் இதைத்தான் எழுதச் சொன்னார்கள். அவனுக்கு வேறு என்ன தெரியும்?

முதலில் சிரித்தேன். பிறகு சுவரில் அடித்திருந்த பலகையைப் பார்த்தேன். குடில் ஹெஸ்ஸன் மாநிலக் காட்டிலாகாவுக்குச் சொந்தம் என்றிருந்தது. மழையில் இரண்டு மாநிலத்துக்கும் நடுவிலிருந்த எல்லைக் கல்லைக் கவனிக்காமல் தாண்டி வந்துவிட்டோம். தாண்டியதற்குச் சாட்சியை, நேரத்தோடும் கையெழுத்தோடும், அவனே எழுதியும் வைத்துவிட்டான்.

தாளைக் கிழிக்கப் போன நேரம் பச்சை ஜாக்கெட் போட்ட ஒரு கிழவர் உள்ளே வந்தார். எழுபது வயதிருக்கும். தொப்பியை உதறிவிட்டு, தன் வீட்டுப் பொருளைப் போலப் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். வாசித்தார். செல்வத்தைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"இலங்கையா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"இந்தியா" என்றேன் நான், வாய் கூசாமல். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அவருடைய விரலடியில் எழுதியிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். நாங்கள் கொட்டுகிற மழையிலேயே இறங்கி நடந்தோம்.

அடுத்த ஞாயிறு நான் தனியாக அந்தக் குடிலுக்குப் போனேன். புத்தகம் இருந்தது, அந்தத் தாள் இல்லை. கிழிக்கவில்லை, பிளேடால் நேராக வெட்டி எடுத்திருந்தது. விளையாட்டுக்கு எடுக்கிறவன் கிழிப்பான், கோப்பில் வைக்கிறவன்தான் இப்படி வெட்டுவான் என்று நினைத்தேன். மூளை அதோடு ஓயவில்லை. பழைய குடில்களுக்கும் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை ஒரே கையெழுத்தில் 'பார்த்தாயிற்று' என்று எழுதித் திகதி போட்டிருந்தது. ஆள் குடில் குடிலாகப் போய் எல்லாருடைய பதிவையும் வாசிக்கிறான்.

நவம்பரில் செல்வத்தோடு போனபோது அதே பச்சை ஜாக்கெட்டைக் கண்டோம். எல்லைக் கல்லடியில் முழங்காலில் நின்று, அளவு நாடாவை இழுத்து இலக்கங்கள் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டினார்.

"அளக்கிறான் பார். கல்லிலையிருந்து நீ எவ்வளவு தூரம் போனனி எண்டு கோர்ட்டிலை காட்ட அளக்கிறான்."

"கையைக் காட்டுறாரே அண்ணை. நல்ல மனிசன் போலக் கிடக்கு."

"உனக்கு ஆர்தான் நல்ல மனிசன் இல்லை? உன்னைப் பிடிச்ச பொலிசும் தேத்தண்ணி தந்தவன் எண்டு சொன்னனி."

அவன் முகம் செத்துப்போனது. அன்று அவன் புட்டைத் தொடவில்லை.

டிசம்பர் முதல் கிழமை, பட்டணத்துத் தொலைபேசிக் கூண்டிலிருந்து செல்வம் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, பெரிய உறையிலை ஒரு கடிதம் வந்திருக்கு. ஆர் அனுப்பினது எண்டு இல்லை. என்ரை பேருக்குக் கீழை கோப்பு இலக்கமும் எழுதிக் கிடக்கு."

"கோப்பு இலக்கமோ?"

"ஓம். பிறந்த திகதியும்."

"அப்ப அவங்கள்தான். செல்வம், நான் சொல்லுறதைக் கேள். திறக்காதை. திறந்தால் கிடைச்சதெண்டு ஆகிடும், மறுமொழி குடுக்கிற தவணை ஓடத் தொடங்கிடும். திறக்காட்டி அவங்களாலை ஒண்டும் செய்ய ஏலாது."

இது விடுதிகளில் உலாவுகிற சட்டம். நானும் ஒரு காலத்தில் இப்படி உறைகளைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்தவன்தான்.

"நீங்கள் வந்து பாருங்கோவன் அண்ணை. ஞாயிறு வாறியளோ?"

"ஞாயிறு வேலை" என்றேன். பொய். அந்த உறையைத் தொட எனக்குப் பயம். வழக்கில் என் பெயரும் வந்துவிடுமோ என்று பயந்தேன். அதை மறைக்க இன்னும் ஒன்று சொன்னேன்: "வந்து பிடிச்சுக்கொண்டு போகுமட்டும் அங்கை இருக்காதை."

செவ்வாய்க்கிழமை அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். ஆளைக் காணவில்லை என்றதும் இங்கே அவனுடைய அன்ராக்கை மூடிவிட்டார்கள். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒளித்து நின்று கோப்பை கழுவுகிறானாம். எல்லாம் முதலிலிருந்து. அவன் புறப்பட்டபோது ஐந்து வயதாயிருந்த மகளுக்கு இப்போது ஒன்பது.

அவனுடைய அறையில் இருந்த மன்னார்க்காரர் யோசேப்பு ஜனவரியில் அந்த உறையை என்னிடம் கொண்டுவந்து தந்தார். ஒட்டுப் பிரியாமல் இருந்தது. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு திறந்தேன். உள்ளே அந்த வெட்டியெடுத்த தாளும், கையால் எழுதிய ஒரு கடிதமும் இருந்தன.

'மதிப்புக்குரிய திரு. செல்வரட்ணம், குடில் புத்தகத்தில் பெயரும் வானிலையும் எழுதினால் போதும். மற்ற விபரங்கள் ஒருவருக்கும் தேவையில்லை, ஆகவே தாளை வெட்டி எடுத்துவிட்டேன். என்னைத் தவிர வேறு யாரும் வாசிக்கவில்லை. உறையில் என்ன எழுத வேண்டும் என்று தெரியாததால் நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்தக் குடில் கல்லுக்கு அப்பால் நாற்பதடியில் இருக்கிறது. நான் கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்தவன். போகக்கூடாத இடங்கள் எனக்கும் இருந்தன. கல்லுக்கு உங்கள் பக்கத்தில் கூரையோடு ஒரு வாங்கு போடப்போகிறேன். அளந்துவிட்டேன், வசந்தத்தில் முடியும். இப்படிக்கு, குடில்களைப் பார்த்துக்கொள்பவன்.'

வெட்கத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாரிசுக்குப் போன் எடுத்துச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.

ஏப்ரலில் போனேன். கல்லுக்கு இப்பால், செல்வம் வரக்கூடிய பக்கத்தில், புது மரத்து வாங்கு, மேலே கூரை. இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம். கிழவர் அதன் கால்களுக்கு இரண்டாம் தடவையாக வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

"உங்கள் நண்பர் எங்கே?"

வழக்கம்போல ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். "போய்விட்டார்" என்றேன்.

"என் கடிதம் கிடைக்கவில்லையா?"

"கிடைத்தது. திறக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்."

அவர் தூரிகையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். கூரைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி மாட்டியிருந்தது. அதைத் திறந்து புதுப் புத்தகம் ஒன்றைக் காட்டினார். வாங்கு முடிந்து மூன்று கிழமையாம், எத்தனையோ பேர் வந்து இருந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுதியிருந்ததெல்லாம் இரண்டாம் பக்கத்திலிருந்துதான். முதல் பக்கத்தை வெறுமையாக விட்டு, அட்டையோடு சேர்த்து ஒரு கவ்வியால் மூடி வைத்திருந்தார்.

"அவர் வந்து முதலில் எழுதட்டும் என்று விட்டேன்" என்றார்.